வண்டி யார் பேரில்?

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குப் பெண்ணியத் திறனாய்வுத் தாளை நடத்தும்போது ‘நோமட்லேண்ட்’ படத்தைத் திரையிட்டேன். அறுபதைத் தொட்ட ஒரு பெண், கணவனை இழந்தவள், ஒரு பழைய வேனையே வீடாக மாற்றிக்கொண்டு அமெரிக்காவின் மேற்குப் பகுதி முழுக்கத் தனியாகச் சுற்றுகிறாள். படம் முடிந்ததும் மாணவிகள் சொன்ன முதல் சொல் ‘விடுதலை’. சமைத்துப்போட ஆள் இல்லை, கேள்வி கேட்க மாமியார் இல்லை, இரவு எட்டு மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டியதில்லை. எனக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது. பெண்ணும் பொதுவெளியும் என்ற தலைப்பின்கீழ் அதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன்.

பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், அந்த வண்டி யார் பேர்ல இருக்கு?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “இல்ல மேடம், எங்க வீட்ல டிராக்டர் வாங்குறப்ப அம்மா நகைய வெச்சுதான் வாங்குனாங்க. ஆர்சி புக் அப்பா பேர்ல இருக்கு. அதான் கேட்டேன்” என்றாள்.

அன்று அவளுக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி. அதற்காக முதுமையையும் வாகன வீட்டையும் மையமாகக் கொண்ட மூன்று படங்களை அவளுடைய கேள்வியோடு மறுபடி பார்த்தேன்: அலெக்சாண்டர் பெய்ன் இயக்கிய ‘அபௌட் ஷ்மிட்’ (2002), பாவ்லோ விர்சி இயக்கிய ‘த லெஷர் சீக்கர்’ (2017), குளோயி ஜாவ் இயக்கிய ‘நோமட்லேண்ட்’ (2020). மூன்றிலும் ஒரு வண்டி இருக்கிறது. மூன்றிலும் ஒரு வயதான பெண் இருக்கிறாள். அந்த வண்டியை யார் விரும்பினார், யார் பணம் கொடுத்தார், யார் ஓட்டுகிறார், ஒருவர் இறந்தபின் அது யாரிடம் போகிறது என்று கேட்டால் மூன்று படங்களும் வேறு படங்களாக மாறிவிடுகின்றன.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். மோட்டார்ஹோம் என்பது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளடங்கிய வண்டி. பேருந்து அளவில் இருப்பதை ‘ஏ’ வகை என்றும், வேனையே உள்ளே மாற்றியமைத்ததை ‘பி’ வகை என்றும், ஓட்டுநர் அறைக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டு நிற்பதை ‘சி’ வகை என்றும் பிரிக்கிறார்கள். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் எல்க்கார்ட் வட்டாரம்தான் இந்தத் தொழிலின் தலைநகரம். புதிய ‘சி’ வகை வண்டி ஒன்றின் விலை இன்று ஒரு லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டுகிறது; பெரிய ‘ஏ’ வகை டீசல் வண்டிகள் பல லட்சம் டாலர். பெரிய வண்டி லிட்டருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான் கொடுக்கும். இதற்குக் கடன் தருகிறவர்கள் 15, 20 ஆண்டுத் தவணைகூடத் தருகிறார்கள். அறுபத்தைந்து வயதில் கையெழுத்துப் போட்டால் கடைசித் தவணை எண்பத்தைந்தில் முடியும். கட்டிய வீடு பெரும்பாலும் விலை ஏறும் என்ற நம்பிக்கையில் நாம் கடன் வாங்குகிறோம். வாகன வீடோ விற்பனைக் கூடத்தை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே விலை இறங்கும். அமெரிக்க வருமானவரிச் சட்டம், தூங்கவும் சமைக்கவும் கழிக்கவும் வசதியுள்ள வண்டியை வீட்டுக்கடன் வட்டிச் சலுகைக்குரிய ‘வீடு’ என்றே ஏற்றுக்கொள்கிறது. சட்டத்துக்கு அது வீடு. சந்தைக்கு அது பழைய கார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓய்வுபெற்ற தம்பதிகள் முடிவெடுக்கிறார்கள்.

முடிவெடுக்கிறவர் யார் என்பதில்தான் நம் வாசிப்பு தொடங்குகிறது.

‘அபௌட் ஷ்மிட்’ படத்தில் ஜாக் நிக்கல்சன் நடித்த வாரன் ஷ்மிட், ஒமாகா நகரில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து 66 வயதில் ஓய்வு பெறுகிறார். வீட்டு வாசலில் 35 அடி நீளமுள்ள புது வின்னபேகோ வண்டி நிற்கிறது. ஓய்வின் முதல் நாள் காலையில் மனைவி ஹெலன் அந்த வண்டிக்குள் காலை உணவு தயாரித்து வைத்துக் கணவரை அழைக்கிறாள். இனி வரும் காலைகளெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி. நான் முதன்முறை பார்த்தபோது இதை அன்பான காட்சியாகத்தான் பார்த்தேன். இப்போது பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. ஓய்வுபெற்றவர் அவர். அவள் அன்று காலையும் சமைத்திருக்கிறாள். வண்டி இன்னும் வாசலை விட்டு நகரவே இல்லை. அதற்குள் சமையலறை அதில் ஏறிவிட்டது.

சில நாட்களில் ஹெலன் இறந்துபோகிறாள். வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, தரையைத் துடைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, ரத்தக்கட்டி அடைத்து விழுந்துவிடுகிறாள். 42 ஆண்டு இல்லறம் அப்படி முடிகிறது. அவள் கனவு கண்ட பயணத்தில் அவள் ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. அதன்பின் படம் முழுக்க அந்த வண்டியை ஓட்டுகிறவர் அவர்.

இறுதிச்சடங்கு முடிந்தபின் மகள் ஜீனி அப்பாவோடு சண்டை போடுகிறாள். அம்மாவுக்கு மலிவான சவப்பெட்டி வாங்கினீர்கள் என்பது முதல் குற்றச்சாட்டு. வண்டியின் விலையில் பாதியை அம்மாவையே கொடுக்கவைத்தீர்கள், அதற்காக அவள் தன் பங்குகளை விற்றாள் என்பது அடுத்தது. அந்த வண்டி உன் அம்மாவின் ஆசை, எனக்குச் சின்னதே போதுமாயிருந்தது என்பது அவருடைய பதில். இந்த உரையாடல் சில நொடிகளில் கடந்துபோகிறது. பார்வையாளர்கள் ஷ்மிட்டின் கஞ்சத்தனத்தைப் பார்த்துச் சிரிப்பதற்காக வைக்கப்பட்டது. என் மாணவியின் கேள்வியை வைத்துக்கொண்டு கேட்டால் இதுதான் படத்தின் மையம். சமமாகப் பணம் போட்டிருக்கிறாள். அவளுடைய பங்கு அவளுடைய சேமிப்பு. ஆனாலும் அது ‘அவள் செய்யவைத்த செலவு’ என்றுதான் குடும்பக் கணக்கில் பதிவாகிறது. அவரவர் பங்கு என்ற பெயரில் நடக்கும் இந்தச் சமத்துவம், 42 ஆண்டு அவள் செய்த வீட்டுவேலைக்குச் சேமிப்பு ஏதும் சேரவில்லை என்பதை மறைத்துவிடுகிறது. இருவரும் பாதிப்பாதி போட்டார்கள். இருவரும் பாதிப்பாதி சம்பாதித்தார்களா?

பெய்ன் இதைத் தெரியாமல் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். மனைவி இல்லாத வீடு சில வாரங்களில் குப்பைமேடாவதையும், அதிலிருந்து தப்பிக்கத்தான் ஷ்மிட் வண்டியில் ஏறுகிறார் என்பதையும் படம் காட்டுகிறது. பிறகு ஒரு இரவில் வண்டியின் கூரைமேல் ஏறி, ஹெலன் சேகரித்து வைத்திருந்த சிறு பீங்கான் பொம்மைகளை வரிசையாக வைத்து, அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார். மறுநாள் பொம்மைகளை எடுத்து வைக்க மறந்து வண்டியைக் கிளப்புகிறார். அவை உருண்டு விழுகின்றன. ஓர் ஆணின் மனமாற்றத்தைப் பற்றிய நல்ல படம்தான் இது. ஆனால் அந்த மனமாற்றத்துக்கு ஒரு பெண் தன் சாவையும் சேமிப்பையும் கொடுத்திருக்கிறாள். ஹெலனுக்கு அந்த வண்டியில் எங்கே போக வேண்டும் என்று ஆசை இருந்தது? படம் நமக்குச் சொல்வதில்லை.

‘த லெஷர் சீக்கர்’ படத்தில் வண்டி புதிதல்ல. 1970களின் வின்னபேகோ. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது விடுமுறைகளுக்குப் போன வண்டி. ஹெலன் மிரன் நடித்த எல்லாவுக்கு முற்றிய புற்றுநோய். டொனால்ட் சதர்லேண்ட் நடித்த ஜான், நினைவு தப்பிக்கொண்டிருக்கும் இலக்கியப் பேராசிரியர். பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருவரும் மாசசூசெட்ஸிலிருந்து ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் தீவிலுள்ள ஹெமிங்வே வீட்டை நோக்கிக் கிளம்பிவிடுகிறார்கள்.

பயணத்தின் இலக்கைக் கவனியுங்கள். சாகப்போகிறவள் அவள். போகுமிடம் அவர் ஆராதித்த எழுத்தாளரின் வீடு. வழி சொல்வது, மருந்து எடுத்துக் கொடுப்பது, அவர் உடையை நனைத்துக்கொண்டால் மாற்றுவது, இரவில் பழைய புகைப்படங்களைத் திரையில் காட்டி அவர் நினைவைத் தட்டி எழுப்புவது எல்லாம் அவள் வேலை. ஓட்டுவது மட்டும் அவர். தான் யார் என்பதே சில நேரம் மறந்துபோகிற ஒருவர் கையில் சக்கரம் இருக்கிறது. எல்லாம் நினைவில் வைத்திருப்பவள் பக்கத்து இருக்கையில் இருக்கிறாள். வழியில் ஒருமுறை அவளை விட்டுவிட்டே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். முன்பின் தெரியாத ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி அவள் துரத்திப் பிடிக்கிறாள். திரையரங்கில் சிரிப்பு எழும் காட்சி அது. வண்டி ஓட்டத் தெரியாமல், கணவர் ஓட்டும் வண்டியின் பின்னிருக்கையில் முப்பது ஆண்டு உட்கார்ந்துவந்த பெண்களைக் கேளுங்கள்; அவர்களுக்குச் சிரிப்பு வராது.

முடிவில் எல்லா இருவருடைய சாவையும் தானே தீர்மானிக்கிறாள். வண்டியின் புகையை உள்ளே விட்டு, அவர் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். படம் இதைக் காதலின் உச்சமாகக் காட்டுகிறது. இங்கேதான் நான் படத்திலிருந்து விலகுகிறேன். தான் போனபின் இவரை யார் பார்த்துக்கொள்வார் என்ற கவலை இல்லாமல் செத்துப்போகக்கூட அவளுக்கு உரிமையில்லை. அவள் வாழ்க்கையில் முதன்முறையாக முழுமையாகத் தன் கையில் எடுக்கிற முடிவும் பராமரிப்பு வேலையின் கடைசிப் பணியாகவே இருக்கிறது. பராமரிப்பைக் குடும்பத்துக்குள், குடும்பத்துக்குள்ளும் மனைவியிடம் மட்டும் ஒப்படைத்துவிட்ட ஒரு சமூகம், அதன் விளைவைக் காதல் என்று பெயரிட்டு அழுகிறது. ஜானின் சம்மதம் கேட்கப்படவில்லை என்பதும் நம்மைத் தொந்தரவு செய்ய வேண்டும். பெண் செய்தாள் என்பதற்காக அது அறமாகிவிடாது.

இப்போது ‘நோமட்லேண்ட்’. என் மாணவியின் கேள்விக்கு இங்கே நேரான பதில் உண்டு: வண்டி ஃபெர்ன் பேரில் இருக்கிறது. ஓட்டுவதும் அவள்தான். அதனால்தான் மாணவிகள் விடுதலை என்றார்கள். ஆனால் அந்த வண்டி எப்படி வந்தது?

நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்ற ஊர், ஜிப்சம் ஆலைக்காகவே உருவான ஊர். 2011 ஜனவரியில் ஆலை மூடப்பட்டது, ஊரே காலியானது, அதன் அஞ்சல் குறியீட்டு எண்கூட நீக்கப்பட்டது. பிரான்சிஸ் மெக்டார்மண்ட் நடித்த ஃபெர்ன் அந்த ஊர்க்காரி. கணவன் இறந்துவிட்டான், வீடு போய்விட்டது. மிஞ்சியது ஒரு ஃபோர்டு வேன். அதற்குள் தானே அலமாரி பொருத்தி, படுக்கை போட்டு வாழ்கிறாள். கிறிஸ்துமஸ் காலத்தில் அமேசான் கிடங்கில் பொட்டலம் கட்டுகிறாள். பிறகு முகாம் ஒன்றில் கழிவறை கழுவுகிறாள், உணவகத்தில் வேலை செய்கிறாள், சர்க்கரைக் கிழங்கு அறுவடைக்குப் போகிறாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருக்கும் பெண், முன்கூட்டியே ஓய்வூதியம் வாங்கிக்கொள்ளலாமே என்கிறாள். அந்தப் பணத்தில் வாழ முடியாது, எனக்கு வேலை வேண்டும் என்கிறாள் ஃபெர்ன்.

படத்தில் லிண்டா மே என்ற பெண் தன் சொந்தப் பெயரிலேயே நடித்திருக்கிறார். பன்னிரண்டு வயதிலிருந்து உழைத்து, இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்து, அறுபதுகளை நெருங்கும்போது தனக்கு வரப்போகும் ஓய்வூதியம் எவ்வளவு என்று பார்க்கிறார்: மாதம் 550 டாலர். இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள அந்த நாட்டுச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் கணக்குமுறையைப் பார்க்க வேண்டும். அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு ஓய்வூதியம் கணக்கிடப்படுகிறது. 35 ஆண்டு இல்லையென்றால் குறைகிற ஒவ்வோர் ஆண்டும் பூஜ்யமாகச் சேர்க்கப்படும். பிள்ளை பெற்று வளர்த்த ஆண்டு பூஜ்யம். படுத்த படுக்கையான தாயைப் பார்த்துக்கொண்ட ஆண்டு பூஜ்யம். மணமுறிவு பெற்ற பெண், முன்னாள் கணவரின் கணக்கில் பங்கு கேட்க வேண்டுமானால் அந்தத் திருமணம் பத்து ஆண்டாவது நீடித்திருக்க வேண்டும். ஒன்பதாம் ஆண்டில் அடி தாங்காமல் வெளியேறியவளுக்கு ஒன்றும் இல்லை. 1935இல் இந்தச் சட்டம் வந்தபோது வீட்டுவேலை செய்பவர்களும் விவசாயக் கூலிகளும் விலக்கிவைக்கப்பட்டார்கள். தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். நூலிலும் படத்திலும் நாம் சந்திக்கும் நாடோடிகள் பெரும்பாலும் வெள்ளையர்களாக இருப்பதும் தற்செயல் அல்ல. நள்ளிரவில் தெருவோரம் நிறுத்திய வண்டியின் கதவைக் காவலர் தட்டும்போது ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு என்ன நடக்கலாம் என்பதை அந்த நாடே அறியும். வண்டியில் படுத்துறங்குவதற்கும் தோல்நிறம் ஒரு தகுதி.

படத்தில் இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஃபெர்னும் தோழிகளும் விற்பனைக்கு நிற்கும் ஒரு சொகுசு வாகன வீட்டுக்குள் ஏறுகிறார்கள். எல்லாம் பளபளக்கிறது. சிறுமிகளைப்போல் ஒவ்வோர் இடமாக உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி அவர்களுக்கு எழவே இல்லை. நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதுபோன்ற சிரிப்பு அது. பின்னால் வரும் காட்சியில் ஃபெர்னின் வேன் பழுதாகிவிடுகிறது. பழுது நீக்க 2,300 டாலர் ஆகும், வண்டியின் மதிப்பே 5,000 டாலர்தான், இதில் போடுகிற பணத்தை வேறு வண்டியில் போடலாம் என்று பட்டறைக்காரர் நியாயமாகத்தான் சொல்கிறார். அவளால் அதைக் கேட்கவே முடியவில்லை. அது வண்டி இல்லை, என் வீடு என்கிறாள். அவள் பொருத்திய அலமாரிக்கும், அப்பா சேர்த்துக் கொடுத்த தட்டுகளை அடுக்கிவைத்த இடத்துக்கும் பட்டறைக்காரரின் கணக்கில் விலை இல்லை. பெண்களுடைய உழைப்பு வீட்டுக்குள் கலந்துபோனால் மதிப்பீட்டில் வராது என்ற பழைய பிரச்சினைதான் இது. வீட்டுக்குச் சக்கரம் வைத்தபின்னும் மாறவில்லை.

அந்த 2,300 டாலருக்காக அவள் தங்கை டாலியின் வாசலில் போய் நிற்கிறாள். விடுதலை அடைந்ததாக நாங்கள் கரும்பலகையில் எழுதிய பெண், கைமாற்றுக் கேட்டு உறவினர் வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். டாலி பணம் தருகிறாள்; கூடவே, நாடோடிகளெல்லாம் அந்தக் காலத்தில் மேற்கு நோக்கி வண்டி கட்டிப் போன முன்னோடிகளைப் போன்றவர்கள் என்று அக்காவுக்குப் பரிந்து பேசுகிறாள். இயக்குநர் இந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிறார். அந்த முன்னோடிகள் யார் நிலத்தின்மேல் வண்டி ஓட்டினார்கள் என்ற கேள்வி எழவில்லை. வறுமையைத் தேசிய வீரமாக மாற்றிவிட்டால் ஓய்வூதியத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

படத்துக்கு மூலமான ஜெசிகா புரூடரின் நூல் 2017இல் வந்தது. அது இதழியல் நூல். அதில் கோபம் இருக்கிறது. கிடங்கு வேலையில் வயதானவர்களின் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் என்ன ஆகின்றன, வலிமாத்திரை எப்படிக் கிடங்குச் சுவரிலேயே இலவசமாகக் கிடைக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. படம் அந்தக் கிடங்குக்குள் அமைதியாக நடந்து, அமைதியாக வெளியே வந்துவிடுகிறது. வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கமும், 2021இல் சிறந்த படம், இயக்குநர், நடிகை என மூன்று ஆஸ்கர்களும் வாங்கிய படம். இயக்கத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற இரண்டாவது பெண் குளோயி ஜாவ். அந்த வெற்றியில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. அதற்காக, நூலிலிருந்த கோபம் அந்திவானத்தின் அழகில் கரைந்துபோனதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நூலில் லிண்டா மேயின் கனவு சுற்றிக்கொண்டே இருப்பதல்ல. சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கி, கழிவுப் பொருள்களைக் கொண்டே தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்வது. படம் சாலையைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெண் தேர்ந்தெடுத்தது நிலத்தை.

தமிழ் படித்தவளாக எனக்கு இதை நம் மரபில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அகத்திணையில் பொருள்தேடிப் பாலைவழி போகிறவன் தலைவன். தலைவிக்கு விதிக்கப்பட்டது இருத்தல். அவள் வெளியேறினாலும் அது உடன்போக்கு; ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு. ஹெலனும் எல்லாவும் முதுமையில் உடன்போக்குக்குக் கிளம்பியவர்கள். ஃபெர்னையும் நாங்கள் கட்டுடைத்த தலைவியாகவே வாசித்தோம். அங்கேதான் பிழை. அவள் விறலி. பாணரோடு யாழும் பையும் சுமந்து, அடுத்த வேளைச் சோற்றுக்காக ஊர் ஊராக நடந்தவள். அரிசோனாவின் குவார்ட்சைட் பாலையில் ஆண்டுதோறும் கூடும் நாடோடிகள், எந்த ஊரில் எந்த மாதம் என்ன வேலை கிடைக்கும், எங்கே காசில்லாமல் வண்டி நிறுத்தலாம் என்று ஒருவருக்கொருவர் வழிசொல்கிறார்களே, அது ஆற்றுப்படை அல்லாமல் வேறென்ன? ஒரு வேறுபாடு உண்டு. விறலியை ஆற்றுப்படுத்தியவர்கள் கொடுக்கிற மனமுள்ள ஒருவனின் வாசலுக்கு அனுப்பினார்கள். இங்கே அனுப்புவது கிடங்கின் வாசலுக்கு.

அப்படியானால் இந்த வண்டியே வேண்டாம் என்கிறேனா? இல்லை. முதுமையில் ஒரு பெண் தன் சேமிப்பை எடுத்துத் தனக்கென்று சக்கரம் வைத்த ஒரு வீட்டை வாங்க விரும்பினால், அந்த வயதில் இது எதற்கு என்று கேட்கிற வாயை நான் ஆதரிக்க மாட்டேன். ‘வீடு’ என்ற சொல் ‘விடு’ என்பதிலிருந்து வந்தது. விடுபடுதலுக்கும் நமக்கு அதே சொல்தான். ஆனால் விடுபடுதல் விற்பனைக் கூடத்தில் கிடைக்காது. அமெரிக்கப் பெண்களே இதை நன்றாக அறிந்திருக்கிறார்கள். வாகன வீட்டுக்காரர்களிடையே நீல வேலை, இளஞ்சிவப்பு வேலை என்று ஒரு பிரிவினை உண்டு: ஓட்டுவது, இணைப்பு மாட்டுவது, கழிவுத்தொட்டியைக் காலிசெய்வது ஆண்களுக்கு, உள்ளே சமைப்பது, துடைப்பது பெண்களுக்கு. கணவர் இறந்த மறுநாள், வாசலில் நிற்கும் வண்டியை நகர்த்தக்கூடத் தெரியாமல் பாதிவிலைக்கு விற்ற பெண்கள் அங்கே அபூர்வம் அல்ல. 1991இல் ‘ஆர்வியிங் விமென்’ என்ற பெண்கள் சங்கம் தொடங்கப்பட்டது இந்த இடத்திலிருந்துதான். அங்கே பெண்கள் பெண்களுக்கு ஓட்டவும் பின்னோக்கி எடுக்கவும் பழுதுபார்க்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அதற்கு முன்பே, 1978இல், கே பீட்டர்சன் என்ற செவிலியரும் அவர் கணவரும் ‘எஸ்கேப்பீஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். டெக்சாஸின் லிவிங்ஸ்டன் ஊரில் அந்தச் சங்கம் சார்ந்து ஒரு பராமரிப்பு மையம் நடக்கிறது. உடல் தளர்ந்து இனி ஓட்ட முடியாது என்ற நிலை வந்தவர்கள் தங்கள் வண்டியை அங்கே நிறுத்திக்கொண்டு, அதிலேயே வாழ்ந்தபடி சாப்பாடும் பகல்நேரக் கவனிப்பும் பெறலாம். ‘த லெஷர் சீக்கர்’ பார்த்தபின் இதைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. எல்லாவுக்குத் தேவைப்பட்டது வண்டிப் புகை அல்ல. இப்படி ஒரு இடம். பராமரிப்பைக் கூட்டாகப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு இருந்தால் காதலுக்காக யாரும் சாக வேண்டியதில்லை.

ஆகவே, வாங்குவதா என்ற கேள்வியைச் சில சின்னக் கேள்விகளாக உடைத்துக் கேட்க வேண்டும் என்று அந்த மாணவியிடம் சொல்வேன். வண்டி யார் பேரில்? அவளுடைய பணம் போனால் எந்தச் சேமிப்பிலிருந்து போகிறது, மிச்சம் என்ன? அவளுக்கு ஓட்டத் தெரியுமா? உள்ளே அடுப்பைப் பற்றவைப்பது யார்? ஒருவர் இறந்தால் மற்றவர் எங்கே போவார்? ஓட்ட முடியாத நாளில் எங்கே நிறுத்துவார்கள்? ஹெலனிடம் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. எல்லாவுக்குக் கடைசிக் கேள்விகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஃபெர்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. சேமிப்பு மட்டும் இல்லை.

அடுத்த ஆண்டும் அதே தாளை நடத்தினேன். அதே படத்தைத் திரையிட்டேன். இந்த முறை ‘விடுதலை’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழே 550 என்று எழுதினேன். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது முந்தைய ஆண்டு மாணவியின் தோழி ஒருத்தி எதிரே வந்தாள். “மேடம், அவ இப்ப எல்எல்ஆர் போட்டிருக்கா. டிராக்டர் ஓட்டப் பழகுறா” என்றாள். ஆர்சி புக் இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறதாம்.